சிக்கிமுக்கிக் கல் செட் ரிவ்யூ: கல்லும் இரும்பும் வாங்கலாம், கூட வர்ற டிண்டரை நம்பாதீங்க

முதல்லயே முடிவைச் சொல்லிடறேன், நேரம் இருக்கறவங்க அப்புறம் முழுசா படிங்க. ஆன்லைன்ல முப்பது சிங்கப்பூர் வெள்ளி சொச்சத்துக்கு விக்கிற இந்த மாதிரி சிக்கிமுக்கி செட்ல நீங்க காசு குடுக்க வேண்டியது இரும்புக்கும் கல்லுக்கும் மட்டும்தான். கூடவே குட்டிக் குட்டி பாக்கெட்ல வர்ற டிண்டர் இருக்கு பாருங்க, அதாவது பொறி விழுந்ததும் பிடிச்சு கங்காக வேண்டிய பஞ்சு, நார் சமாச்சாரம், அதுல பாதி இந்த முறைக்கே பொருந்தாது, மீதிப் பாதி நம்ம ஊர் ஈரக்காத்துல நமத்துப் போயிடும். நல்ல டிண்டரை தேக்காவுல, அதாவது நம்ம லிட்டில் இந்தியாவுல, வாங்கற ஒரு துண்டுல நீங்களே செஞ்சுக்கலாம், இந்த ரிவ்யூவுல பெரும்பகுதி அதைப் பத்திதான்.

செட்ல என்னென்ன வருதுன்னா, விரல் நுழையற மாதிரி வளைச்ச இரும்பு ஒண்ணு, கருப்பா கண்ணாடி மாதிரி உடைஞ்ச கல் ஒண்ணு, ஒரு தகர டப்பா, அதுக்குள்ள நாலஞ்சு சின்னச் சதுரமா வெட்டின சார் கிளாத், அதாவது கரியாக்கின துணி, அமடூன்னு ஒரு பழுப்பு நிற பட்டை, மெழுகு ஏத்தின சணல் கயிறு ஒரு சுருள், அப்புறம் பிசின் ஊறின பைன் மரச் சிராய் ரெண்டு. போட்டோவுல பாக்க ரொம்ப அழகா இருக்கு. பையன் ஸ்கூல்ல ஸ்கவுட்ஸ்ல சேர்ந்ததும் வீட்ல இந்தப் பேச்சு ஆரம்பிச்சுது, எனக்கும் ஆர்வம் ஒட்டிக்கிச்சு, அப்படித்தான் வாங்கினோம்.

டிண்டரைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துடணும், ஏன்னா இதுலதான் நிறைய பேர் தப்பான பொருளை வாங்கி ஏமாந்து போறாங்க. கடைகள்ல ஃபிளிண்ட்னு போட்டு விக்கிறதுல பெரும்பாலானது கல்லே கிடையாது, அது ஃபெரோ ராடு, சாம்பல் நிறத்துல பென்சில் மாதிரி இருக்கும். ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903ல காப்புரிமை வாங்கின உலோகக் கலவை அது, சீரியமும் இரும்பும் கலந்தது, நம்ம சிகரெட் லைட்டர்ல இருக்கற கல்லும் அதேதான். பெட்ரோமாக்ஸ் விளக்குல கட்டற மேண்டில் இருக்கே, அந்த மேண்டிலைக் கண்டுபிடிச்சவரும் இவரேதான். அந்த ராடைச் சுரண்டினா வர்ற பொறி 3,000 டிகிரியை நெருங்கும்னு சொல்வாங்க, மருந்துக்கடைப் பஞ்சைக் காட்டினாலே குப்புனு பத்திக்கும். நிஜ சிக்கிமுக்கி அப்படி இல்ல. இங்க கல் ரொம்பக் கடினம், கூர்மையான விளிம்பு இருக்கும், அந்த விளிம்புல இரும்பைத் தட்டினா இரும்புலேர்ந்து கண்ணுக்கே தெரியாத சீவல்கள் உதிருது, அந்தச் சீவல் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து எரியறதுதான் நாம பாக்கற பொறி. பொறி கல்லுலேர்ந்து வரல, இரும்புலேர்ந்து வருது. சின்னதா ஆரஞ்சு நிறத்துல வந்து கண் சிமிட்டறதுக்குள்ள அணைஞ்சிடும், சூடு ஃபெரோவோட பொறிக்குப் பக்கத்துலகூட வராது. அவ்வளவு சின்ன பொறியைப் பிடிச்சு வச்சுக்கிற பொருள் ரொம்பக் குறைவு, அதனாலதான் இந்த முறையில எல்லாமே டிண்டர்லதான் இருக்கு, யூடியூப்ல ஃபெரோ ராடுக்குச் சொல்ற வாஸ்லின் தடவின பஞ்சு, டிரையர்ல சேர்ற நூல் தூசி, டிஷ்யூ பேப்பர் இதெல்லாம் இங்க வேலைக்கே ஆகாது, எவ்வளவு நேரம் தட்டினாலும் ஆகாது.

இன்னொண்ணு, இங்க முதல்ல கிடைக்கறது தீ கிடையாது, கங்கு. அந்தக் கங்கை நார்க்கூடு மாதிரி ஒண்ணுக்குள்ள வச்சு ஊதினாத்தான் தீயா மாறும். ஆக ரெண்டு வேற வேற பொருள் வேணும், பொறியைப் பிடிக்க ஒண்ணு, கங்கைத் தீயாக்க இன்னொண்ணு. செட் செஞ்சவங்க இந்த வித்தியாசத்தைப் பத்தி உள்ள இருக்கற தாள்ல ஒரு வரிகூட எழுதல, எல்லாத்தையும் டிண்டர்னு ஒரே பேர்ல போட்டு வச்சிருக்காங்க. என்னோட பெரிய குறை அதுதான்.

இனி ஒவ்வொண்ணா வர்றேன்.

சார் கிளாத் நல்ல பொருள், சரியான பொருள், சந்தேகமே இல்ல. பருத்தித் துணியை காத்து உள்ள போகாம டப்பாவுல அடைச்சுச் சுட்டுக் கரியாக்கினதுதான் அது. ஆனா எனக்கு வந்ததுல சிலது ஓரத்துல இன்னும் பழுப்பாவே இருந்துச்சு, அரைகுறையா வெந்தது, அந்த இடத்துல பொறி விழுந்தா பிடிக்கவே மாட்டேங்குது. நல்லா கருப்பான இடத்துல விழுந்தா உடனே சிவப்புப் புள்ளி தெரிஞ்சு மெல்ல வட்டமா பரவும், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும். அளவும் ரொம்பக் குறைச்சல், பழகறதுக்குள்ளயே தீர்ந்துடும், அப்புறம் ரீஃபில் பாக்கெட்டை அதே கடையில தனியா வாங்கணும்னு எதிர்பாக்கறாங்க. வாங்காதீங்க, கீழ செய்முறை சொல்றேன்.

அமடூ கொஞ்சம் விரிவா சொல்ல வேண்டிய விஷயம். இது மரத்துல தட்டு மாதிரி வளர்ற ஒரு காளான்லேர்ந்து எடுக்கறது, குளிர் நாடுகள்ல பிர்ச், பீச் மரங்கள்ல வளரும், உள்ள இருக்கற மெத்துன்னு ஒரு அடுக்கைச் சீவி, வேக வச்சு, தட்டித் தட்டி மான் தோல் மாதிரி ஆக்குவாங்க. ருமேனியாவுல கொருண்ட்னு ஒரு ஊர்ல இன்னமும் இதுல தொப்பிகூட செய்யறாங்க. 1991ல ஆல்ப்ஸ் மலையில பனிக்குள்ளேர்ந்து கிடைச்ச, 5,000 வருஷத்துக்கு மேல பழசான ஓட்ஸிங்கற மனுஷனோட இடுப்புப் பையில இதே காளான் இருந்துச்சு, அதுல பைரைட் கல்லோட துகளும் ஒட்டியிருந்துச்சு, அந்தக் கல்லைத் தட்டித்தான் அவர் தீ மூட்டியிருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. இரும்பு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி இருந்த ஆள் அவர்! அந்த மாதிரி ஒரு பொருள் நம்ம வீட்டு ஹால்ல ஒரு டப்பாவுல இருக்குன்னு நினைச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது, அதுக்காகவே இந்தச் செட்டுக்கு நான் ஒரு ஸ்டார் குடுப்பேன்.

ஆனா வேலை செய்யுதாங்கற கேள்விக்கு, இங்க, சிங்கப்பூர்ல, ஒழுங்கா செய்யல. காரணம் அந்தப் பொருளோட குணத்துலயே இருக்கு. வெளிநாட்டுல தூண்டில் போடறவங்க பூச்சி மாதிரி செஞ்ச தூண்டில் முள்ளு நனைஞ்சா அதைக் காய வைக்க அமடூவுலதான் அழுத்தி எடுப்பாங்க, அந்தக் காலத்துல காயத்துல ரத்தம் நிக்க வைக்கவும் இதைத்தான் வச்சு அமுக்குவாங்க. அவ்வளவு நல்லா ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊர்ல வருஷ சராசரி ஈரப்பதம் 82 சதவீதம், விடியறதுக்கு முன்னாடி 90க்கு மேல, மழை இல்லாத நாள்ல மத்தியானம்தான் 60 பக்கத்துல இறங்கும். அப்போ இந்தப் பட்டை டப்பாவைத் திறந்ததுலேர்ந்தே காத்துல இருக்கற தண்ணியைக் குடிச்சுட்டே இருக்கும். கத்தியால சுரண்டி மேல பூனை முடி மாதிரி ஆக்கி, மத்தியானம் வெயில்ல வச்சு, உடனே தட்டினா பிடிக்குது. சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட்ல கடல் காத்துல உக்காந்து தட்டினா ஒண்ணும் நடக்காது. இதோட ஒரு மூலையை லைட்டர்ல கருக்கி வச்சுக்கிட்டா கொஞ்சம் தேவலாம், கருகின ஓரம் சார் கிளாத் மாதிரியே பொறியைப் பிடிக்கும், அப்புறம் ரொம்ப நேரம் அணையாம கனிஞ்சுட்டே இருக்கும், அந்த நிதானம் துணிக்கு வராது. ஐரோப்பாவுல அந்தக் காலத்துல வெடியுப்புத் தண்ணியில ஊற வச்சுக் காய வைப்பாங்க, அப்போ சட்டுனு பிடிக்கும்னு படிச்சிட்டு இங்க யாரும் முயற்சி பண்ணாதீங்க, வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், சிங்கப்பூர்ல வெடிமருந்துக்கான மூலப்பொருள்னு கட்டுப்பாட்டுல இருக்கற சாமான், அது ஒரு பொழுதுபோக்குக்காகத் தொடற விஷயம் இல்ல.

மெழுகு ஏத்தின சணல் கயிறு தப்பான இடத்துல வந்த சரியான பொருள். மெழுகு பூசின நார்ல பொறி விழுந்தா வழுக்கிட்டுப் போகும், கங்கை உள்ள வச்சு ஊதினாலும் மெழுகு உருகுமே தவிர சீக்கிரம் தீ பிடிக்காது. தீ வந்தப்புறம் அதை மேல வச்சா நல்லா நின்னு எரியும், காத்து அடிச்சாலும் அணையாது, மழைத் தூறல்லகூட தாக்குப்பிடிக்கும். அதனால தூக்கிப் போட வேண்டாம், மூணாவது ஆளா வச்சுக்கோங்க. பைன் சிராயும் அப்படித்தான், பிசின் வாசனை அருமை, கத்தியால சுருள் சுருளா சீவி தீ மேல போட்டா ஜம்முனு எரியும், சிக்கிமுக்கிப் பொறிக்கு அது அசையாது.

கல்லும் இரும்பும் எப்படின்னு கேட்டா, நல்லாவே இருக்கு. கார்பன் அதிகமா இருக்கற எஃகு, நல்லா பதம் வச்சிருக்காங்க, தட்டினா கொத்தா பொறி வருது. வீட்ல பழைய அரம் இருந்தா அதுவும் இதே வேலையைச் செய்யும், ஒரு பக்கம் பல்லைத் தேச்சு வழவழப்பா ஆக்கிட்டாப் போதும், ஸ்டெயின்லெஸ் கரண்டியோ கிச்சன் கத்தியோ எடுத்துத் தட்டாதீங்க, பொறி வராது, கத்திதான் வீணாகும். கல் கூர் மழுங்கினா ஒரு துணியைப் போத்தி இன்னொரு கல்லால லேசா தட்டிப் புது விளிம்பு எடுத்துக்கலாம், அப்படி உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கண்டிப்பா போடணும், சில்லு பிளேடு மாதிரி தெறிக்கும். ஊர்லேர்ந்து யாராவது வரும்போது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், ஒரு துண்டு எடுத்துட்டு வரச் சொன்னீங்கன்னா அதுவும் கடினம்தான், கூரான விளிம்பு இருந்தா பொறி தட்டும். இங்க பக்கத்துல இருக்கற உபின் தீவுல தோண்டின கிரானைட்டுலதான் 1850, 1851ல ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தையே கட்டினாங்க, அவ்வளவு உறுதியான கல், ஆனாலும் சிக்கிமுக்கிக்கு அது ஒத்துவராது, கூரான விளிம்பா உடையாம பொருபொருன்னு உதிரும்.

சரி, இப்போ முக்கியமான விஷயம், நீங்களே செய்யற சார் கிளாத். இதுக்குத் துணி தேர்ந்தெடுக்கறதுலதான் பாதி வெற்றி. நூத்துக்கு நூறு பருத்தியா இருக்கணும். தேக்காவுல வேட்டி துண்டு விக்கிற ஒரு கடையில போய், "அண்ணே, இது ப்யூர் காட்டனா?"ன்னு கேட்டேன், அவர் என் முகத்தைப் பாத்துட்டு, "கட்டிக்கவா தம்பி, இல்ல வேற எதுக்காச்சுமா?"ன்னார். விஷயத்தைச் சொன்னதும் கையில இருந்த பளபள வேட்டியை மடிச்சு உள்ள வச்சுட்டு, "அப்போ இது வேணாம், இதுல பாலியெஸ்டர் கலந்திருக்கு, துவைக்கச் சுலபம்னு எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க, உனக்கு ஈரிழைத் துண்டு தர்றேன்"னு உள்ளேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தார். அந்த மாதிரி கடைக்காரங்க இருக்கறவரைக்கும் தேக்காவுக்குப் போறது வீண் போகாது. கடைக்காரர் வார்த்தையோட நிறுத்தாம நீங்களும் ஒரு நூலை உருவி எரிச்சுப் பாத்துடுங்க, பருத்தின்னா பேப்பர் எரியற வாசனை வந்து சாம்பல் பூப்போல உதிரும், பாலியெஸ்டர் கலந்திருந்தா சுருங்கி உருகி கருப்பா கெட்டியா ஒரு மணி மாதிரி முனையில நிக்கும். அப்படி மணி நின்னா அந்தத் துணி இதுக்கு ஆகாது.

மெல்லிசு வேட்டித் துணி, ஈரிழைத் துண்டு, பழைய ஜீன்ஸ் மூணையும் கரியாக்கிப் பாத்ததுல என் ஓட்டு ஈரிழைத் துண்டுக்குத்தான். வேட்டித் துணி பொறியை ரொம்பச் சுலபமா பிடிக்கும், ஆனா அதே வேகத்துல எரிஞ்சு சாம்பலாயிடும், நார்க்கூட்டுக்குள்ள வைக்கறதுக்குள்ள பாதி போயிடும், பழக்கம் இல்லாதவங்களுக்குப் பதட்டம்தான் வரும். ஜீன்ஸ் ரொம்ப நேரம் கனியும், ஆனா நெசவு இறுக்கம், சின்ன பொறிக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. ஈரிழை நெசவு தளர்வா, நூல் தடிமனா இருக்கறதால பொறி உக்கார இடமும் கிடைக்குது, கங்கு நின்னு பரவ சரக்கும் இருக்கு. புதுத் துணின்னா கஞ்சி போக நல்லா அலசிக் காய வச்சுக்கோங்க, வாசனைக்குப் போடற சாஃப்னர் எதுவும் வேண்டாம். விளக்குக்குப் போடற தடிமனான பருத்தித் திரியையும் இதே மாதிரி கரியாக்கலாம், பூஜை சாமான் கடையில மலிவு, நுனியை மட்டும் கரியாக்கி வச்சுக்கிட்டா கங்கு ரொம்ப நேரம் தாங்கும், காத்து அதிகமா இருக்கற நாளைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

செய்முறை ரொம்ப எளிசு. மூடி இறுக்கமா இருக்கற சின்ன தகர டப்பா, பிளாஸ்டிக் பூச்சு எதுவும் இல்லாதது, மூடியில ஒரே ஒரு ஆணி ஓட்டை, அவ்ளோதான். துணியை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டித் தளர்வா அடுக்கி மூடி, பார்பிக்யூ கரி மேல வச்சீங்கன்னா கொஞ்ச நேரத்துல ஓட்டை வழியா வெள்ளைப் புகை வரும், சிலசமயம் அந்தப் புகையே பத்திக்கிட்டு சின்னச் சுடரா எரியும், பயப்பட வேண்டாம், துணியிலேர்ந்து வாயு எல்லாம் வெளிய போகுது, கரி மட்டும் உள்ள தங்குது. புகை சுத்தமா நின்னதும் எடுத்து ஓரமா வச்சுடுங்க. இதுக்கப்புறம்தான் பொறுமை வேணும், டப்பா கையால பிடிக்கற அளவுக்கு ஆறினப்புறம்தான் திறக்கணும். சூட்டோட திறந்தா காத்துப் பட்ட உடனே மொத்தமும் தானா கங்காகிச் சாம்பலாயிடும். நல்லா வந்த துணி முழுக்கக் கருப்பா, லேசா இழுத்தா தாங்கி, கொஞ்சம் அழுத்தி இழுத்தா கிழியற மாதிரி இருக்கும். பழுப்பா இருந்தா மறுபடி மூடிச் சுடலாம், தொட்டாலே பொடிஞ்சா ரொம்ப நேரம் சுட்டாச்சு.

இதை வீட்டு கிச்சன்ல செய்யாதீங்க ப்ளீஸ். அந்தப் புகை திரையில, சோஃபாவுல, துணிமணியில எல்லாம் ஏறி நாள் கணக்கா போகாது, 2018 ஜூன்லேர்ந்து வந்த புது வீடுகள்ல ஃபயர் அலாரம் வேற கட்டாயம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரங்களையும் பயமுறுத்தின மாதிரி ஆயிடும். காரிடார்லயும் வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், சாங்கி பீச்னு எங்கயாவது பார்பிக்யூ பிட் முறையா புக் பண்ணி, சமையல் முடிஞ்சு கரி அணையறதுக்கு முன்னாடி இருக்கற அந்த நேரத்துல டப்பாவை வச்சா, அடுத்த பல மாசத்துக்கு வேண்டியது ஒரே தடவையில ரெடி. தீ மூட்டறதும் அந்தப் பிட்டுக்குள்ள மட்டும்தான், புல்தரையில மரத்தடியில எல்லாம் தட்டிப் பழகாதீங்க, பிப்ரவரி மார்ச் வறட்சியில புல் எப்படிக் காயுதுன்னு பாத்திருப்பீங்க, தீயணைக்க வர்ற குடிமைத் தற்காப்புப் படைக்கு வேலை வச்சுடக்கூடாது.

அடுத்தது ரெண்டாவது பொருள், கங்கைத் தீயாக்கற நார்க்கூடு. இதுக்கு நம்மகிட்ட இருக்கறதைவிட நல்ல பொருள் உலகத்துல இல்லன்னே நான் சொல்வேன். தேக்கா சந்தையில மட்டை உரிச்ச தேங்காய் வாங்கும்போது உச்சியில குடுமி விட்டிருப்பாங்களே, சாமிக்கு உடைக்கற காய்ல கண்டிப்பா இருக்கும், அதைப் பிச்சு எடுத்து வெயில்ல காய வச்சு கையால நல்லா கசக்கி நார் நாரா பிரிச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை தூபக்கால்ல நார் போட்டு ஊதி சாம்பிராணி போடற வீடுகள்ல வளர்ந்தவங்களுக்கு இது எப்படிப் பிடிக்கும்னு சொல்லித்தரவே வேண்டாம். தேங்காய் நார் சணலைவிடக் கொஞ்சம் நிதானம்தான், புகையும் அதிகம், ஆனா ஈரக்காத்துல சணல் மாதிரி துவண்டு போகாது. அம்மாகிட்ட போன்ல இதைச் சொன்னப்போ, "நாருக்கு ஏன்டா அலையற, அப்போ எல்லாம் அடுப்புப் பத்த வைக்க பன்னாடையைத்தான் கிழிச்சுப் போடுவோம், கையில உருட்டுனாலே கூடு மாதிரி ஆயிடும்"னாங்க. தென்னை மட்டை அடியில சல்லடை மாதிரி சுத்திட்டு இருக்கற அதேதான். ஊருக்குப் போனப்போ எடுத்து உருட்டிப் பாத்தேன், அம்மா சொன்னது அப்படியே உண்மை, உள்ள சின்ன சணல் உருண்டை ஒண்ணு வச்சு வெளிய பன்னாடையைச் சுத்தினா அதைவிட நல்ல கூடே கிடையாது. இங்க பூங்காவுல இருக்கற தென்னை மரத்துலேர்ந்து உரிச்சுட்டு வந்துடாதீங்க, பூங்காக்கள்லயும் இயற்கை வனப்பகுதியிலயும் அனுமதி இல்லாம செடி, மரத்துலேர்ந்து எதையும் எடுக்கக்கூடாது, சட்டப்படி குத்தம்.

இலவம் பஞ்சைப் பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க, சிக்கிமுக்கின்னாலே இலவம் பஞ்சுன்னு காதுல விழுந்து வளர்ந்தவங்கதானே நாம எல்லாரும். சும்மா வெள்ளையா வச்சுத் தட்டினா எனக்கு வரல, இழைமேல இயற்கையாவே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, பொறி மேலயே அணைஞ்சிடுது. டப்பாவுல கரியாக்கினா பிரமாதமா பிடிக்குது, ஆனா ஊதினா பறக்கும், தொட்டாப் பொடியாகும், பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போக முடியாது. நார்க்கூட்டுக்கு நடுவுல கொஞ்சம் வச்சா கங்கு பட்டதும் பளிச்சுனு எரிஞ்சு பக்கத்து நாரைப் பிடிக்க வைக்கும், அந்த வேலைக்கு மட்டும் நான் யூஸ் பண்றேன்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சதுங்கறதால சொல்றேன். இந்தப் பகுதியில மலாய்க்காரங்ககிட்டயும் சுத்துவட்டாரத்துல இருக்கற பழங்குடிகள்கிட்டயும் கல்லும் இரும்பும் இல்லாம தீ மூட்டற ஒரு கருவி இருந்துச்சு, ஒரு குழாய், அதுக்குள்ள இறுக்கமா போற ஒரு தண்டு, தண்டு நுனியில சின்னக் குழி, அதுல பஞ்சு. டக்குனு குத்தினா உள்ள இருக்கற காத்து அழுந்திச் சூடேறி பஞ்சு கங்காயிடும், டீசல் எஞ்சின் வேலை செய்யற அதே தத்துவம். அதுக்கு அவங்க பனை வகை மரங்களோட மட்டை அடியில சேர்ற மெல்லிசான பஞ்சைத்தான் வச்சாங்க. மழையும் ஈரமும் ஓயாத காட்டுல வாழ்ந்தவங்க தேடித் தேடி அந்த ஒரு பஞ்சைக் கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க. எந்த ஊருக்கு எந்த டிண்டர்ங்கறதை அந்த ஊர் மரம்தான் முடிவு பண்ணுது, பிர்ச் மரக் காளானை நம்ம ஊருக்கு பார்சல்ல அனுப்பி வச்சா அது என்ன பண்ணும்.

தட்டற விதத்துல ஒரே ஒரு குறிப்பு, சார் கிளாத்தைக் கீழ தரையில வச்சுட்டு மேலேர்ந்து பொறியைக் கொட்ட முயற்சி பண்ணாதீங்க, கல்லோட மேல்பக்கம் விளிம்பை ஒட்டினாப்ல துணியைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இரும்பை மேலேர்ந்து கீழ சாய்வா, உரசிட்டுப் போற மாதிரி வீசணும். பொறி மேல எம்பித் துணி ஓரத்துலயே விழும். சிவப்புப் புள்ளி தெரிஞ்சதும் நார்க்கூட்டுல வச்சு, லேசா மூடி, முகத்துக்குக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சு நீளமா மெதுவா ஊதுங்க, புகை கெட்டியாகி மஞ்சளா வரும், அடுத்த ஊதல்ல தீ. உடனே பிட்ல வச்சு மேல தென்னந் துடைப்பத்துலேர்ந்து உருவின ஈர்க்கு, அதுக்கு மேல கறி கோத்துச் சுடற சாத்தே குச்சி, அப்புறம் கரி. மெழுகு சணல் இருக்கே, அதை ஈர்க்கோட சேர்த்து வைங்க.

பத்திரப்படுத்தறதுக்கு இந்தச் செட்ல வர்ற டப்பாவை நம்ப வேண்டாம், மூடி தளர்வு. ரப்பர் வளையம் இருக்கற சின்ன கண்ணாடி பாட்டில்லயோ டப்பாவுலயோ சார் கிளாத்தைப் போட்டு, மாத்திரை டப்பாவுல வர்ற சிலிகா ஜெல் பாக்கெட் ரெண்டு கூட வைங்க. டிசம்பர் ஜனவரி மழைக்காலத்துல டப்பாவை அடிக்கடி திறக்காம, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துட்டு உடனே மூடணும். நமத்துப் போயிட்டா தூக்கிப் போட வேண்டியதில்ல, மத்தியான வெயில்ல ஒரு தட்டுல பரப்பி வச்சாலே திரும்ப உயிர் வந்துடும்.

பசங்களுக்கு வாங்கிக் குடுக்கறவங்க, கல் விளிம்பு விரலை நிஜமாவே வெட்டும், கல்லைப் பிடிக்கற கைக்கு மட்டும் தோல் கையுறை போடச் சொல்லுங்க, நைலான் கையுறை வேண்டவே வேண்டாம், கங்கு பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். பக்கத்துல ஒரு வாளித் தண்ணி, முடிஞ்சதும் சாம்பல் முழுக்க நனையணும்.

காசு கணக்குப் பாத்தா, பீச் ரோட்டுல கோல்டன் மைல் ஃபுட் சென்டர் மாடியில ஆர்மி சாமான், கேம்பிங் சாமான் விக்கிற கடைகள் வரிசையா இருக்கு, அங்க ஒரு நடை போய் இரும்பும் கல்லும் மட்டும் தனியா கிடைக்குதான்னு முதல்ல கேட்டுப் பாருங்க, ஃபெரோ ராடை எடுத்து நீட்டினா அது இல்லன்னு தெளிவா சொல்லுங்க. கிடைக்கலன்னா இந்தச் செட்டை வாங்கலாம், இரும்பு உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்.

இதை விக்கிறவங்க யாராவது படிச்சா என் வேண்டுகோள் இதுதான்: அமடூ பட்டையையும் பைன் சிராயையும் குறைச்சுட்டு, அந்தக் காசுல ரப்பர் மூடி போட்ட டப்பாவும் நல்லா கரியான கெட்டித் துணியும் குடுங்க, எது பொறிக்கு, எது கங்குக்கு, எது தீக்குன்னு பாக்கெட் மேல மூணு வரி அச்சடிச்சுடுங்க. அதைச் செஞ்சீங்கன்னா இப்போ குடுக்கற மூணு ஸ்டாரை அஞ்சா மாத்திடறேன்.